சேமிக்காத வெள்ளிக்கிழமை

எங்கள் தெருவில் அவருக்கு ‘ரெக்கார்டு சார்’ என்றுதான் பெயர். அலுவலகப் பதிவறையில் முப்பது வருஷம் ஃபைல்களை வரிசை கலையாமல் அடுக்கிய மனிதர், அன்று காலை சொந்தக் கட்டுரையைத் தொலைத்துவிட்டு, மேஜைக்கடியில் தேடாத குறையாக நின்றார்.

பழைய அலுவலக நண்பர்கள் போடும் மலருக்கு நான்கு பக்கம். பன்னிரண்டு மணிக்குள் அனுப்பாவிட்டால் இவர் இல்லாமலே அச்சேறிவிடும். மூன்று நாள் கணினியை அணைக்காமல், ஒற்றை விரலால் குத்திக் குத்தி அடித்தது. மூடும்போது, “சேமிக்கவா?” என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. விரல் தானாகப் போய் ‘வேண்டாம்’ என்பதை அமுக்கிவிட்டது.

விரலைச் சொல்லிக் குற்றமில்லை. அது காதலில் பழகிய விரல். அந்தக் காலத்தில் அலுவலகத்துக்கே ஒரு கணினி. காலையில் இவர் நாலு வரி அடித்துத் திரையில் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் நகர்வார். டைப்பிஸ்ட் பெண் வந்து படித்துவிட்டு, ‘வேண்டாம்’ கொடுத்து மூடுவாள். மத்தியானம் அவள் அடிப்பாள்; ‘வேண்டாம்’ கொடுப்பது இவர் முறை. சேமித்தால் மேனேஜர் கண்ணில் பட்டுவிடுமே! ஒரு வருஷம் இப்படித் துளித் தடயம் இல்லாமல் நடந்தது. எங்கள் தெருவாக இருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது.

அந்த டைப்பிஸ்ட்தான் இப்போது ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“என்னங்க, கப்பல் கவுந்த மாதிரி நிக்கறீங்க?”

“கட்டுரை போச்சு.”

“கால் முளைச்சா போச்சு? நகருங்க.”

எதையோ திறந்தாள், எதையோ தட்டினாள். ‘சேமிக்காத ஆவணங்கள்’ என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் இருந்தது! ரெக்கார்டு சாருக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் கடைசி அரைப் பக்கம் மட்டும் ஏறவில்லை. அவள் எஞ்சியிருந்த கடைசி வரியை உரக்கப் படித்தாள்:

“‘மாற்றல் வந்து நான் கிளம்பிய வெள்ளிக்கிழமை, அவளுக்காகத் திரையில் விட்டுப்போனது...’ என்ன விட்டுப்போனீங்க?”

“நீதான் படிச்சியே.”

“நான் எங்க படிச்சேன்? அன்னிக்கு கரண்டு போச்சு. வந்தப்போ மெஷின் மொட்டையா நின்னுச்சு.”

ரெக்கார்டு சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு கதவைத் திறந்தால், வாசலில் இவரும் இவர் அக்காவும் கல்யாணம் பேச நின்ற கதையை அவள் எல்லோரிடமும் சொல்லுவாள். “சொல்லாம கொள்ளாம வந்துட்டார்” என்பாள். முன்பே தெரிந்ததை வெளியே சொல்ல வெட்கம் என்று இவர் இத்தனை வருஷமும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

“‘ஞாயித்துக்கிழமை அக்காவோட வர்றேன். இஷ்டமில்லைன்னா சனிக்கிழமைக்குள்ள ஃபோன் பண்ணிடு’ன்னு எழுதியிருந்தேன்.”

“நான் பண்ணலை.”

“நீ பண்ணலை. அந்த தைரியத்துலதான் வந்தேன்.”

மணி பதினொன்றரை. அவருக்கு மலர் மறந்துபோயிருந்தது.

“படிச்சிருந்தா பண்ணியிருப்பியா?” என்றார்.

“பின்னே? உடனே பண்ணியிருப்பேன்.”

அவர் முகம் சுண்டிப்போவதை அவள் ஓரக்கண்ணால் நன்றாக ரசித்தாள்.

“‘ஞாயிறு வரைக்கும் எதுக்கு, சனிக்கிழமையே வாங்க’ன்னு சொல்ல” என்றாள். “சரி, சொல்லுங்க, அடிக்கிறேன். அந்த ஃபோன் சேதியையும் சேர்த்துடலாம்.”