தாழியில் இருந்தவர்கள்

மாகறலை ஒட்டிய காலனியில் ஞானசுந்தரியின் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடந்தது. கோயில் கட்ட இடம் கிடைக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. வருகிறவர்கள் ஒன்பது பேர். உத்திரமேரூரிலிருந்து உபதேசியார் அருள்தாஸ் மொபெட்டில் வந்து நடத்திவிட்டுப் போவார்.

அந்த ஐப்பசியில் அவர் ஆதித் திருச்சபையைப் பற்றிச் சொல்லிவந்தார். அவர்களுக்கும் அப்போது கோயில் கிடையாது, யாராவது ஒருவர் வீட்டில்தான் கூடினார்கள் என்றார். அடிமைகளும் கூலிக்காரர்களும் அதில் நிறையப் பேர். ரோம ராஜ்ஜியத்தில் கொள்ளைநோய் வந்தபோது மற்றவர்கள் நோயாளிகளைத் தெருவில் போட்டுவிட்டு ஓட, இவர்கள் இருந்து தண்ணீர் கொடுத்தார்கள். கேட்பாரற்ற பிணங்களைத் தூக்கிப் புதைத்தார்கள். அதைப் பார்த்தும் வீடு வீடாகச் சனம் சேர்ந்ததாம். அந்தப் பிணங்களின் பெயராவது இவர்களுக்குத் தெரியுமா என்று ஞானசுந்தரி கேட்டாள். தெரியாது என்றார் அருள்தாஸ்.

அடுத்த வாரம் மழையில் செய்யாற்றின் கரை சரிந்தது. அவள் களையெடுக்கப் போகும் தினகரனின் நிலத்தோரம், மண்ணுக்குள் வரிசையாக, அந்தக் காலத்தில் பிணம் வைத்துப் புதைத்த பெரிய தாழிகள் தெரிந்தன. இரண்டு உடைந்து எலும்புகள் வெளியே கிடந்தன. ஒன்று குழந்தையின் தாடை. மற்றப் பெண்கள் அந்தப் பக்கமே போகவில்லை. விஷயம் வெளியே போனால் தொல்லியல் துறைக்காரர்கள் வந்து நிலத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள் என்று தினகரனுக்குப் பயம். எலும்பை ஆற்றில் தள்ளிவிட்டுப் பள்ளத்தை மூடச் சொன்னான். ஞானசுந்தரி எலும்புகளைத் தனக்குக் கேட்டாள்.

“ஊரு பேரு தெரியாத எலும்பு. உனுக்கு இன்னாத்துக்கு?”

“பேரு தெரியலன்றதாலதான் கேக்கறேன்” என்றாள்.

உர மூட்டைச் சாக்கை அலசி, வேட்டித் துணி விரித்து, எலும்புகளை அதில் எடுத்துவந்து காலனி சுடுகாட்டின் ஓரத்தில் புதைத்தாள். தனியாக நின்று ஜெபம் செய்தாள்.

அந்த ஞாயிறு, காலை பத்தரை மணி. அருள்தாஸ் கண்ணை மூடி ஜெபித்து முடித்ததும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஒரு மூச்சு கழித்து, பின்சுவர் பக்கமிருந்து இன்னொரு ஆமென் வந்தது. புதிதாகப் பேசப் பழகுகிறவர்போல இழுத்துச் சொன்ன குரல். அங்கே யாரும் இல்லை. காலிப் பாய் மட்டும் கிடந்தது. அதன் நடுவே ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம், பக்கத்தில் சின்னதாக இன்னொரு ஈரம். அறை முழுக்க ஆற்று வண்டல் வாடை.

மறு வாரம் நான்கு பேர் வரவில்லை. புதைத்ததைத் தோண்டி ஆற்றிலேயே விட்டுவிடலாம் என்று அருள்தாஸ் சொன்னார். ஞானசுந்தரி இரண்டு டம்ளர் தண்ணீர் மொண்டு பின்பாயில் வைத்தாள். ஜெபம் முடிந்தபோது டம்ளர்கள் காலி. அடியில் மணல் படிந்திருந்தது.

“நீங்கதான சொன்னீங்க ஐயா, அவங்கோ ஓடலன்னு” என்றாள்.

அருள்தாஸ் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் தினகரன் அவள் வாசலில் வந்து நின்றான். காலனிக்குள் அவன் காலெடுத்து வைத்தது அதுதான் முதல்முறை. செருப்பில்லை; முழங்கால்வரை சேறு. மூடிய பள்ளத்துக்குள்ளிருந்து நாலு நாளாகச் சத்தம் வருகிறதாம், பானையை உள்ளேயிருந்து உள்ளங்கையால் தட்டுவதுபோல. வேலைக்கு யாரும் வருவதில்லை. அவன் பெண்சாதி கொல்லைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

“இன்னும் நாலு தாழி கீதும்மா. நான்தான் மேல மண்ணைத் தள்ளினேன்” என்றான். “வந்து எடுத்துக்கினு போயிடு.”

“நானும் வரேன். நீங்களும் தூக்கணும்.”

இருவருமாகத் தோண்டினார்கள். தாழியின் வாயைத் திறந்ததும் சத்தம் நின்றது. உள்ளே வண்டலும் எலும்பும்தான். தினகரன் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர்த்தெரு வழியாகவே நடந்தான். பார்த்தவர்கள் கதவைச் சாத்தினார்கள். சுடுகாட்டில் குழியும் அவனே வெட்டினான். ஞானசுந்தரி ஜெபித்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் கைகட்டி நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். ஜெபத்துக்கு வரவில்லை, சும்மா பார்க்கத்தான் என்றான். ஞானசுந்தரி உள்ளே கூப்பிட்டாள். பின்பாயில் யாரும் உட்காரவில்லை. அங்கே போய் உட்கார்ந்தான். பாட்டு தொடங்கியதும் அவனுடைய இரண்டு தோளிலும் ஏதோ உரசியது. ஈரப் பானையின் குளிர்ச்சி. நெருக்கியடித்து உட்காருகிறவர்கள் இடம் கேட்பதுபோல மெல்லத் தள்ளியது. எழுந்து ஓடத்தான் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, காலை மடக்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து கொடுத்தான்.

அவன் நகர, அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பரிமளா என்ற பெண்ணும் நகர்ந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் நகர்ந்தார்கள். கண்ணுக்குப் பாதி அறை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் இடம் போதாமல் இரண்டு பேர் வாசற்படிக்கு வெளியே, வெயிலில் போய் உட்கார்ந்தார்கள். அருள்தாஸ் ஒரு நிமிஷம் எல்லாப் பக்கமும் பார்த்தார். பிறகு, பின்சுவர்வரை கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்திப் பிரசங்கத்தைத் தொடங்கினார்.