கறிக்கடை ஆபீசரம்மா

சொந்தக் கணவரின் கடையைச் சோதனை போட வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது அவள் ஒரு மானின் பின்னங்காலில் இறுகிக் கிடந்த கம்பியை அறுத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிளைப் பிரித்து முறுக்கிச் செய்த கண்ணி. மான் இழுக்க இழுக்க அது தோலைத் தாண்டிச் சதைக்குள் போயிருந்தது. வனக்காவல் குழுத்தலைவி பெரியக்கா தன் முழு எடையையும் மானின் தோளில் சாய்த்து, அதன் கண்களைத் துண்டால் மூடிப் பிடித்திருந்தாள். குழுவிலேயே இளையவளான ஒட்டடை, காலைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று வந்து தொடையில் இரண்டு உதை வாங்கியிருந்தாள். உயரத்துக்கும் ஒல்லிக்கும் வந்த பெயர் அது. ஒட்டடைக்குச்சி என்று முழுதாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லை.

"சினையா இருக்கு. பாத்து, பாத்து," என்றாள் பெரியக்கா.

"தெரியுதுக்கா. பேசாம பிடிங்க."

கட்டிங் பிளையரின் வாய்க்குள் கம்பி டக்கென்று தெறித்த அதே நேரம் பெரியக்காவின் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. மான் எழுந்து, கடைசியாக ஒட்டடைக்கு இன்னொரு உதை கொடுத்துவிட்டு, நொண்டிக்கொண்டே புதருக்குள் போயிற்று. ரேஞ்சர் ஐயாவின் குரல் சொன்னது இதுதான்: காட்டுக்கறி சந்தைத் தெருவுக்கு வருகிறது. எந்த வழியாக என்று தெரியவில்லை. நாளைக் காலையில் தெருவில் உள்ள எல்லாக் கறிக்கடைகளையும் பார்த்துவிட வேண்டும்.

வாக்கிடாக்கி அடங்கியதும் பெரியக்கா துண்டை உதறி மடித்தாள். ஒட்டடை தொடையைத் தேய்த்துக்கொண்டே மரத்தைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்காம பாக்கறீங்க?" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர் கடையிலேருந்தே ஆரம்பிப்போம்."

சந்தைத் தெருவுக்கு அவள் கறிக்கடை ஆபீசரம்மா. புருஷன் வெட்டுகிறார், பெண்டாட்டி காப்பாற்றுகிறாள், கணக்கு நேராகிவிடுகிறது என்று அங்கே எல்லோரும் ஒரு முறையாவது சொல்லிச் சிரித்திருப்பார்கள். ஆனால் அவளை இந்த வேலைக்கு அனுப்பியதே அவர்தான். கல்யாணமான புதிதில் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்போதெல்லாம் துரத்திப் பிடித்து வருவதும் அவள்தான். ஒருமுறை பேருந்து நிலையம் வரை ஓடி, ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்காமல் திரும்பி வந்தவளை அவர் மேலும் கீழும் பார்த்தார். வனத்துறையில் பெண்களை எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். "சும்மா ஓடறத சம்பளத்துக்கு ஓடு," என்று மறுநாளே விண்ணப்பத்தோடு வந்து நின்றார். தேர்வில் அவள் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தபோது, மைதானத்து வேலிக்கு வெளியே ரத்தக் கறை படிந்த ஏப்ரனோடு நின்று விசிலடித்தவரை இரண்டு காவலர்கள் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை ஜீப் தெருவுக்குள் நுழைந்தபோது, "நீ வண்டியிலயே இருந்துக்கோ," என்றாள் பெரியக்கா.

"வண்டியில இருந்தா, வெளிய நின்னு சைகை காட்டினேன்னு சொல்வாங்க. நான் வரேன். கடையில கை மட்டும் நீங்க வைங்க."

கடையில் நான்கைந்து பேர் கறிக்கு நின்றார்கள். சீருடைகளைப் பார்த்ததும் விலகி வழிவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாக நின்றுகொண்டார்கள். அவர் கத்தியைக் கட்டையில் செருகிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"வாங்க மேடம். பூட்ஸ் வழுக்கும், பாத்து வாங்க. கறி வேணுமா, கடை வேணுமா?"

"கடைதான்," என்றாள் பெரியக்கா. "தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பு என்ன இருக்கு? எங்க வீட்டு பீரோவையே இந்தம்மா வாரத்துக்கு ஒரு தரம் சோதனை போடுது. இது கடைதானே."

கூட்டம் சிரித்தது. பெரியக்கா தொங்கிய தொடைகளைப் புரட்டினாள், ஐஸ்பெட்டியைக் கவிழ்க்காத குறையாகக் கிளறினாள், கட்டைக்கு அடியில் டார்ச் அடித்தாள். ஒட்டடை பரணில் ஏறி, பழைய தராசுக்கும் சிலந்திக்கும் நடுவில் தலையை விட்டுத் தும்மினாள். ஆபீசரம்மா வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் மறுபடி கத்தியை எடுத்து, அதன் முனையால் ஆட்டுத் தலையைக் காட்டி, "இவரு பேரு சொல்லட்டுமா மேடம்? அப்பா பேரு, தாத்தா பேரு எல்லாம் தெரியும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாய் நிற்கவில்லை. ஆனால் ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பதினோரு வருஷமாக அவர் வாயைக் கேட்டு வாழ்கிறவள் அவள். வாய் இப்படி ஓடினால் மனசு எங்கேயோ நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அப்போதுதான் ஐஸ் வண்டி தெருமுனையில் திரும்பியது. எல்லாக் கடைகளுக்கும் ஐஸ்கட்டி போடும் வேன். ஓட்டுகிறவன் அவருக்குச் சிறு வயதுச் சிநேகிதன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேரம் ஆட வருவான், வரும்போதெல்லாம் இவர்கள் மகள் பாப்பாவுக்கு உடைத்த ஐஸை டம்ளரில் போட்டுக் கொண்டுவருவான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்ன அண்ணி, வீட்டுக்காரரையே அரெஸ்ட் பண்ண வந்துட்டீங்களா?" என்றான். பிறகு ஜீப்பைப் பார்த்தான். ஒரு கட்டிகூட இறக்காமல், ரிவர்ஸில் வந்த வழியே போய்விட்டான்.

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். ஓங்கிய கத்தி கட்டைக்கு மேலே அப்படியே நின்றிருந்தது. ஒரு நொடிதான். பிறகு விழுந்தது, எலும்பில் படாமல் கட்டையில்.

அன்றைக்கு எந்தக் கடையிலும் எதுவும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பாப்பா வாசலில் ஒற்றைக் காலில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பூட்ஸைக் கழற்றவில்லை.

"எப்போலேருந்து தெரியும்?"

"என்ன தெரியும்?"

"வெங்காயத்த வச்சுட்டு பேசுங்க. அழறீங்களா, நடிக்கறீங்களான்னு கண்டுபிடிக்க முடியல."

அவர் வைத்துவிட்டார். "ஒரு தரம் கேட்டான். ஐஸுக்கு அடியில காட்டுக்கறி கொண்டாரேன், நீ தெரிஞ்சவங்களுக்கு மட்டும் குடுன்னான். செருப்பு பிஞ்சிடும்னேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. விட்டுட்டான்னு நினைச்சேன்."

"நினைச்சீங்களா, நினைச்சுக்கிட்டீங்களா?"

அவர் வெங்காயத் தோலைக் கையால் கூட்டி ஒதுக்கினார்.

"நேத்து ஒரு மான். வயித்துல குட்டி. கம்பி எலும்பு வரைக்கும் போயிருச்சு. நான்தான் அறுத்தேன். ராத்திரி உங்க பக்கத்துல படுத்துக்கிட்டு அதைத்தான் சொல்லிட்டிருந்தேன். நீங்க உச்சு கொட்டிக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

இதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டு, அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, அவர் கோமாளித்தனம் பண்ணிச் சிரிக்க வைத்து முடித்திருப்பார். அந்த வழி அடைத்துப்போனது அவருக்கே தெரிந்தது.

"அவன் எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரிடி. அவனைப் போட்டுக்குடுக்கச் சொல்றியா?"

"நான் எதையும் சொல்லச் சொல்லல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நான் மேல சொல்லியாகணும். நீங்க சொன்னீங்கன்னு சொல்லட்டுமா, நானா கண்டுபிடிச்சேன்னு சொல்லட்டுமா, அது மட்டும் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. இப்போ போய் அவனை உஷார் பண்ணீங்கன்னா, இந்தச் சட்டைய நாளைக்கே கழட்டிக் குடுத்துட்டு வந்து கல்லாவுல உக்காந்துருவேன். ஆடு ஓடினா நீங்கதான் பிடிக்கணும்."

அவர் ஆணியில் தொங்கிய தொப்பியைப் பார்த்தார். பிறகு மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். அவள் வாசலுக்குப் போய், பாப்பாவின் கட்டங்களுக்குப் பக்கத்தில் நின்று, பெரியக்காவுக்குப் போன் போட்டாள். நானாகக் கண்டுபிடித்தேன் என்றுதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும், அவர் எழுந்து செருப்பு மாட்டும் சத்தம் வருகிறதா என்று காது உள்ளேயே இருந்தது. தாளிக்கும் சத்தம்தான் வந்தது.

மறுநாள் ஜீப்பைப் பலசரக்குக் கடை லாரிக்குப் பின்னால் மறைவாக நிறுத்திவிட்டு மூவரும் காத்திருந்தார்கள். வண்டியில் இன்றைக்கு ஏதாவது இருக்குமா என்பதே சந்தேகம். இல்லாவிட்டால் அவன் இனி ஒருபோதும் சிக்க மாட்டான். வேன் வந்தது. வழக்கம்போல முதலில் அவர் கடைக்கு எதிரில் நின்றது. பெரியக்கா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் இருங்கக்கா," என்றாள் அவள்.

அவர் கடையை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்திருந்தார்.

"எல்லா ஐஸையும் இங்கயே இறக்கு," என்றார்.

"எல்லாத்தையுமா? என்னடா, கடைக்குள்ள பனிமலை கட்டப் போறியா?"

"ஆமா. இறக்கு."

"மீன்கடை அக்கா திட்டும்டா. மத்தவங்களுக்கும் போடணும்ல?"

"அப்போ நானே இறக்கறேன்."

பின்கதவைத் திறந்து ஏறினார். முதல் கட்டி தெருவில் விழுந்து மூன்றாக உடைந்தது. இரண்டாவது வழுக்கிக்கொண்டே போய் காய்கறிக் கடை வாசலில் நின்றது. ஆட்டுத் தொடையை ஒரே வெட்டில் பிளக்கிற கைகள் அவை. சிநேகிதன் முதலில் சிரித்தான். பிறகு கெஞ்சினான். பிறகு அவர் காலைப் பிடித்து இழுத்தான். "டேய், வேணாம்டா. டேய், உனக்கு என்ன ஆச்சு?" கூட்டம் கூடிவிட்டது. மீன்கடை அக்கா, கிடைத்தவரைக்கும் லாபம் என்று ஒரு துண்டைக் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். வெயில் ஏற ஏற தெரு முழுக்கத் தண்ணீர் ஓடியது.

கடைசி வரிசைக்குக் கீழே தார்ப்பாய் தெரிந்தபோது அவர் நிறுத்தினார். வேனின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கைகள் சிவந்திருந்தன.

"இதை நீயே எடுத்துக் குடுத்துரு," என்றார். "நான் எடுக்க வேணாம்னு பாக்கறேன்."

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். லாரிக்குப் பின்னாலிருந்து காக்கிச் சட்டைகள் வருவது தெரிந்ததும் மறுபக்கம் ஓடினான். இரண்டு எட்டுதான். ஐஸ் தண்ணீரில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் அப்படியே சறுக்கிக்கொண்டு போய் உருளைக்கிழங்குக் குவியலில் மோதினான். ஒட்டடை தன் நீளக் கால்களால் மூன்றே தாவலில் அவனைப் பிடித்துவிட்டு, அவளும் வழுக்கி அவன் மேலேயே விழுந்தாள். "விடமாட்டேன்! விடமாட்டேன்!" என்று கிழங்குகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

அவள் ஓடிப்போய்க் குனிந்தபோது, பழக்க தோஷத்தில், "அடி பட்டுச்சா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"கணுக்கால் சுளுக்கிருச்சு அண்ணி," என்றான் அவன். அழுதுகொண்டிருந்தான். மருந்துப் பையிலிருந்து துணியை எடுத்து அவள் அவன் காலைச் சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் கைது செய்வதாகச் சொன்னாள். தார்ப்பாய்க்கு அடியில் இருந்ததைப் பெரியக்கா எடுத்து வைத்தபோது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தெரு ஓரடி பின்வாங்கியது. காட்டுக்கறியின் மேல், குளம்போடு ஒரு மான்குட்டியின் நான்கு சின்னக் கால்கள்.

கண்ணி வைத்தவர்கள் இரண்டு பேர். அவன் சொன்ன அடையாளத்தை வைத்து அந்த வாரமே அவர்களைப் பிடித்துவிட்டார்கள். மரத்துக்கு மரம் தேடிக் கம்பிகளை அவிழ்த்துக் கொண்டுவந்து போட்டபோது முகாம் வாசலில் ஒரு குவியல் சேர்ந்தது. ரேஞ்சர் ஐயா அவளைப் பாராட்டினார். கடைக்காரர் எதற்காக அப்படிச் செய்தார் என்று கேட்டபோது, "தெரியல சார், அவருக்கு அன்னைக்கு ஐஸ் நிறைய தேவைப்பட்டுச்சு," என்றாள்.

அவளும் கேட்டுத்தான் பார்த்தாள். "நானா கண்டுபிடிச்சேன்னு சொல்லிட்டேன்ல? நீங்க பேசாம உள்ளயே இருந்திருக்கலாமே?"

"உள்ள இருந்தா, அவனை நீங்க பிடிக்கறத கறி வெட்டிக்கிட்டே பாத்துட்டு இருக்கணும்," என்றார் அவர். "எனக்கு ஒரு விரல் போயிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேரம் போர்டைத் துடைத்து வைத்தார். பாப்பாவோடு ஆடித் தோற்றார். சிநேகிதன் ஜாமீனில் வரும்போது போய்ப் பார்க்க வேண்டும் என்றார். போனால் அவன் கதவைத் திறப்பானா என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

சந்தைத் தெரு வேறு கோபத்தில் இருந்தது. ஐஸ் கம்பெனி, வழக்கு முடிகிற வரை இந்தப் பக்கம் வண்டி அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டது. "ஆபீசரம்மா, உன் புருஷன் வீரத்துக்கு என் மீனு வெயில்ல காயுது!" என்று மீன்கடை அக்கா ஜீப் போகும்போதெல்லாம் கத்தினாள். பக்கத்துக் கடைக்காரர் அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். தீப்பெட்டி கேட்கக்கூட ஆள் விட்டுத்தான் கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இருள் பிரிவதற்குள் எங்கேயோ கிளம்பிப் போக ஆரம்பித்தார். எங்கே என்று கேட்டால், "ஓட்டப் பயிற்சி," என்பார்.

ஒரு நாள் இரவு ரோந்து முடிந்து மூவரும் காலையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா ஓட்டினாள். ஒட்டடை பின்சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சாலையின் நடுவே ஈரக் கோடு ஒன்று தெரிந்தது. நேராகப் போகாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து போனது.

"யாரு, தண்ணி லாரியா?" என்றாள் பெரியக்கா.

வளைவு தாண்டியதும் ஒரு சைக்கிள். கேரியரில் சாக்கு சுற்றிய இரண்டு பெரிய ஐஸ்கட்டிகள், அவற்றின் மேல் ஒரு மீன்கூடை. மீன்கடை அக்காவின் கூடைதான், ஓரத்தில் நீல நாடா கட்டியது. அவர் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. மேட்டில் ஏறும்போது வண்டி ஆடியது, அவரும் ஆடினார், ஆனால் இறங்கவில்லை. ஏதோ பாடிக்கொண்டு வேறு போனார். ராகம் கேட்கவில்லை, தலை மட்டும் ஆடியது.

பெரியக்கா ஹாரனில் கை வைத்தாள்.

"அடிக்காதீங்கக்கா. விழுந்துருவாரு."

ஜீப் முதல் கியருக்கு இறங்கியது. மேட்டின் உச்சியில் வெயில் வந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஐஸ் சொட்டிக்கொண்டே போக, அந்த ஈரத்தின் மேல் சக்கரம் படாமல், அவர்கள் மெதுவாகப் பின்னால் போனார்கள்.