மெதுவாகக் கிள்ளுகிறவள்

அக்கா முன்னங்கையை நீட்டினாள். "கிள்ளு."

கிள்ளினேன். தோல் மடிந்து எழவில்லை. மேசையைக் கிள்ளியதுபோல் விரல்கள் வழுக்கின.

"வருதுக்கா. போன வாரத்துக்கு இப்ப பரவாயில்ல."

கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்துச் சுவரைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நான் பிளாஸ்க்கைக் கழுவப் போனேன்.

அக்கா பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். சொந்தக் கடை, இரண்டே நாற்காலி. முதலில் அவள் விரல்கள் குளிரில் வெளுத்தன. பிறகு வீங்கின. பிறகு தோல் இறுகி, கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையாமல் போனது. இறுக்கம் கை வழியாக நெஞ்சுக்கு ஏறியது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி இவளையே வெளியாளாக நினைத்து அடிக்கிறது என்றார் டாக்டர். எந்த மாத்திரைக்கும் அது மசியவில்லை. கடைசியில் ஸ்டெம் செல் சிகிச்சையைச் சொன்னார். அவள் ரத்தத்திலிருந்தே அந்தச் செல்களைப் பிரித்து உறையவைப்பார்கள். கடுமையான மருந்தால் பழைய எதிர்ப்புச் சக்தியைத் துடைத்தெடுத்துவிட்டு, செல்களைத் திரும்ப ஏற்றுவார்கள். அவற்றிலிருந்து முளைக்கும் புது எதிர்ப்புச் சக்தி, வீட்டு ஆள் யார் என்பதை முதலிலிருந்து கற்றுக்கொள்ளும்.

"வீட்டு நாய் வீட்டுக்காரியையே கடிக்குது. அதை விரட்டிட்டு ஒரு குட்டியை வளக்கணும். அதானே டாக்டர்?" என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். "கிட்டத்தட்ட அதாம்மா."

"அதே நாயோட குட்டிதானே? அதுவும் கடிச்சா?"

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். "கடிக்கலாம். நிறையப் பேருக்குப் பல வருஷம் கடிக்கிறதில்ல. ஆனா அந்த மருந்தே சில பேர் உயிருக்கு ஆபத்தாயிருக்கு. யோசிச்சு சொல்லுங்க."

பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றோம். வந்த பஸ்களை எல்லாம் விட்டோம். கூட்டம் குறைந்த ஒன்று வந்தபோது, "செஞ்சுக்கிறேன்டி" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

மருந்தில் தலைமுடி மொத்தமும் கொட்டியது. "மொட்டைத் தலைச்சிகிட்ட எவ முடி வெட்டிக்க வருவா?" என்று அதற்கும் ஒரு கேலி. காய்ச்சல் வந்த நாட்களில் மட்டும் கேலி இல்லை. பிழைத்து வீடு வந்தாள்.

தபால் பிரிக்கும் வேலை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போவேன். முகமூடி, கொதித்த நீர், மறுபடி மறுபடி கை கழுவுவது. களைப்பு என் எலும்புக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் டாக்டர் அவள் தோலைக் கிள்ளி மடிப்பு எழுகிறதா என்று பார்ப்பார். இடைப்பட்ட வாரங்களுக்கு நான். சின்ன வயதில் என் கிள்ளலுக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்தவள், இப்போது தானாகக் கையை நீட்டினாள்.

அடுத்த வாரமும் "வருது" என்று நான் சொன்னதும், "பொய் சொல்றப்ப நீ மெதுவா கிள்ளுற" என்றாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை தலை இந்தக் கையில போயிருக்கு. தொடுறதுல பொய் எனக்குத் தெரியாதா?"

"களைப்பா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் என்னவாம்? உன் பொய்யையும் சேத்துச் சுமக்க முடியலடி."

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் "வரல" என்றேன். அவளும் "சரி" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. நுரையீரல் மேலும் கெடவில்லை, நோய் அடங்கியிருக்கிற மாதிரிதான் தெரிகிறது என்றார் டாக்டர். இறுகிய தோல் இளகுமா என்பதைப் போகப்போகத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

மழை பெய்த ஒரு சாயங்காலம், நனைந்த எரிச்சலோடு போனேன். செருப்பைக் கழற்றி, கையைத் தேய்த்துக் கழுவியதுமே அவள் கை நீண்டது. யார் மேல் கோபமோ தெரியவில்லை, அழுத்திக் கிள்ளினேன்.

"ஏ எருமை! பிச்சு எடுத்துருவ போலிருக்கே!"

என் இரு விரல்களுக்கு நடுவே மெல்லிய மடிப்பு ஒன்று நின்றது. நான் விடவில்லை.

"வருதுக்கா."

அவள் குனிந்து பார்த்தாள். தலையில் பூனைமுடியாக முளைத்திருந்தது. கைவிரல்கள் வளைந்தபடியேதான் இருந்தன. அவை நிமிருமா, கத்தரிக்கோலைப் பிடிக்குமா, இரண்டு பேருக்குமே தெரியாது.

"குட்டி தூங்குது போல" என்றாள், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"மெதுவா கிள்ளலையே?"

"இல்லக்கா."

அவள் இன்னொரு கையை நீட்டினாள்.