காய்ந்த கல்

தம்பியின் இறப்புச் சான்றிதழை எழுதிக்கொண்டிருந்த மருத்துவர் மூன்றாவது முறையாகவும் அதையே கேட்டபோது அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“எத்தனை வருஷமா புகைப் பழக்கம்?”

“கிடையாதுன்னு சொன்னேனே. எங்க வீட்ல யாரும் பீடி தொட்டது கிடையாது.”

“நுரையீரல் அப்படி இருந்துச்சேம்மா.”

“அவன் கல் அறுக்கிறவன். உங்களை மாதிரி ஆளுங்க வீட்ல சமையல் மேடைக்குக் கல் போடுவான். தண்ணி விட்டு அறுத்தா தூசி அடங்கும். தரை சேறாகுதுன்னு வீட்டுக்காரங்க விடமாட்டாங்க. காய்ஞ்ச கல்லையே அறுக்கச் சொல்லிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருப்பாங்க.”

மருத்துவர் தான் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

மதியம் தம்பியை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவன் ஐம்பதைத் தொடவில்லை. அறுபதைத் தாண்டிய அக்கா அருகில் அமர்ந்தபோது, வந்தவர்களில் ஒருத்தி “தங்கச்சியா?” என்று கேட்டாள். அக்கா அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தே வேலைக்காலத்தை முடித்தவள்.

அவனோடு வேலை பார்த்த தோழன் கால்மாட்டில் நின்றான். “நூல் பிடிச்ச மாதிரி வேலை, அதான் இவனை நூலுன்னே கூப்பிடுவோம். இவன் வச்ச கல்லுக்கும் சுவருக்கும் நடுவுல எறும்பு நுழையாது. திமிரு வேற. ‘எறும்பைக் கூட்டிட்டு வா, பாப்போம்’பான்.”

தம்பி மனைவி அழுதபடியே சிரித்துவிட்டாள்.

அக்காவுக்குத் தன் வீட்டு மாடிப்படி நினைவுக்கு வந்தது. கொஞ்ச காலமாக அவளைப் பார்க்க ஏறி வரும் தம்பி பாதியில் நின்றுவிடுவான். மூச்சு வாங்குகிறது என்று வாயைத் திறந்து சொல்லமாட்டான். படிக்கல்லை விரலால் தட்டி, “இதைப் போட்டவன் எவன்க்கா, இப்படிக் கோணலா வச்சிருக்கான்?” என்பான். அவளும் அந்த முகந்தெரியாத கொத்தனைத் திட்டுவாள். மூச்சு திரும்பும்வரை இருவருமாகத் திட்டுவார்கள்.

வாசலில் தம்பிக்கு வேலை கொடுத்த மேஸ்திரியின் குரல் கேட்டது. தெருக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “வேலையில அவ்வளவு சுத்தம். என்ன, அந்தப் பீடியை மட்டும் விட்டிருக்கலாம்.”

அக்கா வெளியே வந்தாள். மேஸ்திரியின் விரலிடுக்கில் சிகரெட் புகைந்தது.

“மேஸ்திரி, என் தம்பி பீடி குடிச்சு நீங்க பாத்தீங்களா?”

“அப்படி இல்லக்கா… பொதுவா இந்த வேலை பாக்கிறவங்க…”

“பாத்தீங்களா?”

மேஸ்திரி சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“இல்லக்கா.”

“என்கிட்ட வேணாம். இவங்ககிட்ட சொல்லுங்க.”

மேஸ்திரி தெருக்காரர்கள் பக்கம் திரும்பினார். “நூலு பீடி தொட்டதில்ல.” கொஞ்சம் நின்று, “தூசிதான்” என்றார். சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு உள்ளே போனார்.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தம்பி வீட்டு வாசலில் மிதிபட்டுக் கிடந்த சிகரெட் துண்டை எடுத்தாள். அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, நிமிர்ந்து, தெருக்கோடிக் குப்பைத்தொட்டிவரை நடந்தாள்.