கரையில் கழற்றிய ஷூ

கடியப்பட்டணம் மரியஜான் பங்குக் கோயில் ஆட்களோடு ரோமுக்குப் புறப்பட்டது சாமி கும்பிட மட்டுமல்ல. கும்பிட்டு முடிந்ததும் மற்றவர்கள் ஊருக்கு விமானம் ஏற, அவர் தனியே ரயிலேறி மகள் லிஜியைப் பார்க்கப் போக வேண்டும். ஜனவரியில் கல்யாணம் என்று அவளிடம் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். மாப்பிள்ளை ஆன்ட்ரூஸ் குவைத்தில் நல்ல வேலையில் இருக்கிறான். அவன் வீட்டார் சொன்னது ஒன்றுதான்: பெண் கப்பல் வேலையை விட்டுவிட வேண்டும்.

மனைவி செசிலிக்கு இந்தச் சம்பந்தத்தை விட மனமில்லை. லிஜிக்கு அப்பனைப் போலவே அகலப் பாதம். எட்டாம் நம்பர் செருப்புப் போடும் பெண்ணை எவன் கட்டுவான் என்று, அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே செசிலி புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று லிஜி எழுதி அனுப்பிய தாள் மரியஜானின் சட்டைப்பையில் இருந்தது. பஹ்ரைனில் அரபியின் படகில் ஏழு வருஷம் கிடந்து கற்ற முப்பது இங்கிலீஷ் வார்த்தைகள் வாயில் இருந்தன. மியூனிக்கைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேலென்று வயல் ஓடியது. வயலில் மருந்துக்குக்கூட ஒரு மனிதனைக் காணோம். பிறகு யார்தான் விளைவிக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தார். ரயில் பன்னிரண்டு நிமிஷம் தாமதம் என்பதற்கு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார்கள். நம்மிடம் போய் இவ்வளவு மன்னிப்பா என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. ஹாம்பர்க்கில் மேடை தெரியாமல் முழித்து நின்றபோது, நரைத்த தலையுள்ள ஒரு வெள்ளைக்காரி தாளை வாங்கிப் படித்தாள். பிறகு அவர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். நல்ல ஜனங்கள் என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

கோபன்ஹேகனில் கப்பல் நின்றது. மறுநாள் காலை ஆஸ்லோ போய்ச் சேரும். அந்தக் கப்பலில்தான் லிஜி அதிகாரியாக இருக்கிறாள். கப்பலுக்குள் போகும் பாலத்தின் வாசலில் மரியஜான் நெற்றியில் சிலுவை போட்டார். ஊரில் செருப்புக் காலோடு எவனும் மீன்பிடிக்கும் வள்ளத்தில் ஏறமாட்டான். மணலில் கழற்றி வைத்துவிட்டுப் போவான், திரும்பி வந்து மாட்டிக்கொள்வான். முப்பத்தைந்து வருஷப் பழக்கம் சும்மா விடுமா? பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூவைக் கழற்றி, சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போனார். இந்தக் கப்பல் புறப்பட்ட கரைக்குத் திரும்பாது, வேறொரு நாட்டில் இறக்கிவிடும் என்பது, கரை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

சாயங்காலம் லிஜி வெள்ளைச் சீருடையில் அவர் அறைக்கு வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் ஷூ இல்லாத காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, ஆன்ட்ரூஸ் பேச்சை எடுத்தார். அவள் கோபப்படவில்லை.

“நாளைக்குக் காலத்த முன்பக்க மேல்தட்டுல வந்து நில்லுங்கப்பா. கப்பல கரை சேக்கப்போறது நாந்தான். கேப்டன் பக்கத்துல நிப்பாரு, அவ்வளவுதான். பொறவு கேளுங்க.”

அவள் போன பின் மரியஜானுக்குப் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வயதில் லிஜி நீந்தி வந்து அவர் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் வள்ளத்தில் கால்வைக்கக் கூடாது. ஏன் என்று கரையில் யாரும் கேட்டதில்லை. அவளை விரட்டி இறக்கி, எல்லோரும் பார்க்க வள்ளத்தைக் கழுவி, கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார். அவள் மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவர் மேல்தட்டில் நின்றார். இரண்டு பக்கமும் மலை. மலையடிவாரத்தில் சிவப்பு மரவீடுகள். நடுவே ஆறுபோல ஒடுங்கிய கடல், அதில் அங்கங்கே பாறை. கடியப்பட்டணத்துப் பாறைப் பக்கம் சின்ன வள்ளத்தைத் திருப்பும்போதே அவருக்கு நெஞ்சு படபடக்கும். இங்கே பத்து மாடிக் கட்டடமே அந்த இடுக்கில் நிதானமாகப் போகிறது. ஒரு பாறை நெருங்கியதும் அவர் கை தன்னையறியாமல் தட்டின் கைப்பிடிக் கம்பியைச் சுக்கான்போலத் திருப்பப் பார்த்தது. அதற்குள் கப்பல் விலகிவிட்டது. அவர் விலக்கியிருக்கக்கூடிய அதே இடத்தில்தான் விலகியது.

பிறகு ஆஸ்லோ தெரிந்தது. தண்ணீரிலிருந்து தரைபோலச் சரிந்து ஏறும் ஒரு கட்டடத்தின் வெள்ளைக் கூரையில் ஜனங்கள் காலை நடை போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் பச்சை மலை. இத்தனை சுத்தமான துறைமுகத்தை அவர் கண்டதில்லை. கரை நெருங்கியதும் மோதலுக்குத் தயாராகக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். மோதலே இல்லை. பக்கத்தில் நின்றவரின் கையிலிருந்த காப்பிகூட ஆடவில்லை. மரியஜானுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இப்படிக் கப்பலைக் கரை சேர்க்கிற கையையா குவைத்தில் சோறு பொங்கச் சொல்ல வந்தேன் என்று தன் மீதே ஆத்திரம் வந்தது.

வேலை முடிந்து மேல்தட்டுக்கு இறங்கி வந்த லிஜி அவர் காலைப் பார்த்தாள். ஷூ எங்கே என்று கேட்டாள்.

“கரையில கழத்தி வச்சிட்டேன் மக்கா. திரும்பி வந்து போடலாம்னு.”

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் அறையிலிருந்து தன் பழைய பூட்ஸ் ஜோடி ஒன்றை எடுத்து வந்து, குனிந்து அவர் காலில் மாட்டினாள். பிறகு, கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்றாள்.

“கேக்க ஒண்ணுமில்ல. அண்ணைக்கு நான் வள்ளத்தக் கழுவிருக்கக் கூடாது மக்கா.”

பூட்ஸின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த லிஜியின் கை நின்றுவிட்டது. அவளும் அதை மறந்திருக்கவில்லை.

கரையில் இறங்கியதும் செசிலி போனில் வந்தாள். ஆன்ட்ரூஸ் வீட்டுக்கு வேண்டாமென்று சொல்லிவிடு என்றார் மரியஜான். அந்தக் காலை வைத்துக்கொண்டு இனி யார் அவளைக் கட்டுவார்கள் என்று செசிலி அழ ஆரம்பித்தாள். மரியஜான் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“காலுக்கு என்ன கொறச்சல் செசிலி? அவளுக்க பூட்ஸப் போட்டுக்கிட்டுதான் நான் இந்த ஊருக்குள்ள நடக்கேன். எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு.”