காதுக்கு எட்டாத ஈப்பிடிப்பான்

அலுவலகத்தில் அவளைப் ‘பாம்புச்செவி’ என்றுதான் சொல்வார்கள். இருபத்தாறு வருடமாகக் காட்டுப் பறவைகளை எண்ணுகிறவள். அடர்ந்த மழைக்காட்டில் கண் அவ்வளவாக உதவாது. குறித்த இடத்தில் பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் நின்று, கேட்ட குரலை எல்லாம் தாளில் எழுத வேண்டும். அதுதான் வேலை.

இந்த ஓடைக்கரைக் காட்டில் ஓர் ஈப்பிடிப்பான் இருந்தது. கட்டைவிரல் பருமன்தான். இலைக்கு அடியில் ஒளிந்த பூச்சியைத் தாவிப் பிடித்துத் தின்னும். புதர் இருட்டை விட்டு வெளியே தலைகாட்டாது. அதற்காகத்தான் காட்டுக்கே பாதுகாப்புக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடமாக அவள் பூஜ்யம் எழுதியிருந்தாள். மூன்றாவதும் பூஜ்யமென்றால் மரம் வெட்ட அனுமதி கிடைத்துவிடும். இந்த வருடக் கணக்கின் கடைசி நாளில், குறித்த எட்டு இடங்களும் முடிந்தன. ஒன்றிலும் அது இல்லை.

ஜீப் ஓட்டுவது அவள் கொழுந்தன். வண்டி நின்றதும் குறட்டை விடுவதுதான் அவனுடைய இன்னொரு உத்தியோகம். அன்று வானம் இருட்டவே, அவள் மறந்துவிட்ட மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் வந்தான்.

“அண்ணி, இந்தக் கீச்சுகீச்சு காதைத் துளைக்குது. எப்படித்தான் சகிச்சுக்கிறீங்களோ.”

“எந்தக் கீச்சு?”

“விளையாடாதீங்க. இதோ, இப்பக்கூட.”

அவன் காட்டிய கொடியில் பழுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அலகு திறந்திருந்தது, தொண்டை துடித்தது. அவளுக்கு ஓடை கேட்டது, தவளைகூடக் கேட்டது. அந்த மெல்லிய உச்சக்குரல் மட்டும் வயதோடு சொல்லாமல் கொள்ளாமல் அவள் காதை விட்டுப் போயிருந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாக நன்றி பொங்கியது. பறவை இருந்ததற்கு, மழைக்கோட்டை மறந்த தன் புத்திக்கு, இந்தத் தூங்குமூஞ்சிக்கு.

“கேக்குறப்பல்லாம் விரலைத் தூக்கு,” என்றாள். எட்டு இடத்துக்கும் திரும்ப நடந்தார்கள். ஆறில் விரல் உயர்ந்தது.

“முந்தின கணக்கும் தப்புன்னு எழுதப்போறீங்களா? வேலைக்கே உலை வச்சிடுமே அண்ணி.”

“எழுதலைன்னா இதை யாரு நம்புவா? ரெண்டு வருஷமா இல்லாதது இன்னிக்கு எங்கேருந்து குதிச்சுதுன்னு கேப்பாங்க.”

முழங்கால்மேல் தாளை வைத்து எழுதினாள்: ‘கேட்டவர், ஜீப் ஓட்டுநர். சென்ற ஆண்டுகளிலும் பறவை இங்கேயே இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் காது போதவில்லை. இனி வேறொருவரை அனுப்பவும்.’ கையெழுத்திடும்போது கண் கலங்கியது.

“அது எப்படிக் கத்துதுன்னு கொஞ்சம் செஞ்சு காட்டேன்,” என்றாள்.

அவன் உதட்டைக் குவித்துத் தனக்கு வந்த மாதிரி செய்தான். படுமோசம். ஆனால் அவளுக்குக் கேட்டது.