காணிக்கைக் கூடையில் ஒரு ஹெல்மெட்

பிரியாணி தீர்ந்து, நாற்காலிகளை அடுக்கி முடித்து, பங்கு மண்டபத்தைப் பூட்டப் போகும்போதுதான் கில்பர்ட் அதைப் பார்த்தார். மேடையில் காணிக்கைக் கூடைக்குள் ஒரு கறுப்பு ஹெல்மெட் கிடந்தது. மற்ற ஹெல்மெட்டுகளையெல்லாம் அவரவர் எடுத்துப் போயிருந்தார்கள்.

"யாருது பிரிஜெட் இது?"

"கடை விரிச்சவர் நீங்க. என்னைக் கேட்டா?" என்றாள் அவர் மனைவி.

ரிச்சர்ட்ஸ் டவுனில், சர்ச்சின் பகுதிக் குழுவான அவர்கள் அன்பியத்தைச் சேர்ந்த முப்பது குடும்பங்களும் வருடத்துக்கு ஒருமுறை, ஞாயிறு பூசை முடிந்ததும் பட்டிமன்றம் நடத்துவார்கள். இந்த வருடம் தலைப்பு, ஹெல்மெட் கட்டாயம் வேண்டுமா வேண்டாமா என்பது. யார் எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். விழுந்த சீட்டை மாற்றிக்கொள்ள முடியாது. கில்பர்ட்டுக்கு 'வேண்டாம்' விழுந்தது. அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். இருபத்திரண்டு வருடமாக உடைந்த மண்டைகளைப் படம் பிடித்துவிட்டு, தெருமுனைப் பால் கடைக்குக்கூட ஹெல்மெட்டோடு போகிறவர்.

சொல்ல நியாயம் ஒன்றும் கிடைக்காததால் அவர் ஜோக்கைத் தேடினார். அது கொட்டிக் கிடந்தது.

"தலை நம்முது, வேர்வை நம்முது, கொட்டற முடியும் நம்முது. சட்டத்துக்கு இதுல என்ன பங்கு? என் தலையைப் பார்த்தே உங்களுக்குத் தெரியலையா, எத்தனை வருஷமா நான் சட்டத்தை மதிக்கறேன்னு?"

வழுக்கையைக் குனிந்து காட்டினார். மண்டபம் குலுங்கியது. கைதட்டல் கொஞ்சம் கூடுதலாகவே அவர் தலைக்கு ஏறிவிட்டது. காணிக்கைக் கூடையைத் தூக்கி மேடை நடுவில் வைத்து, "என் கட்சிக்காரங்க எல்லாம் வந்து ஹெல்மெட்டை இதுல போடுங்க" என்றார். முதலில் எழுந்து வந்தவன் டென்சில். பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்பவன். கூப்பிட்டால்கூட மேடை ஏறாதவன். அவனைப் பார்த்து இன்னும் பதினாறு பேர் வந்தார்கள். கூடை நிரம்பி மேடையில் குவிந்தது. 'வேண்டாம்' ஜெயித்தது.

பிரிஜெட் அந்தக் கறுப்பு ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருந்தது.

"டென்சிலோடது. லவினா ஒட்டினது இது. கல்யாணமான புதுசுல என்கிட்டதான் படம் வாங்கிட்டுப் போனா."

கில்பர்ட்டுக்குச் சாப்பாட்டு வரிசை ஞாபகம் வந்தது. டென்சில் அவர் தட்டில் தயிர்ப் பச்சடி ஊற்றிவிட்டு, "அண்ணா, நீங்க சொன்னது அத்தனையும் நிஜம். இதைப் போட்டாத்தான் எனக்குக் கழுத்தே வலிக்குது" என்றான். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவர் இன்னொரு துண்டு கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

டென்சில் இப்போது குடியிருப்பது அத்திபெலேயில்; வீடு மாறிய பிறகும் பூசைக்கு இங்கேதான் வருகிறான். ஓசூர் ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும்.

போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை வேறொரு குரல், "ஹலோ, யார்ரீ?" என்றது.

கில்பர்ட் கன்னடத்தில் பெயரைச் சொன்னார். எதிரே பேசியது சந்தாபுராவில் நிற்கும் டிராஃபிக் கான்ஸ்டபிள். பெயரைக் கேட்டதும் மனிதர் கன்னடம் கலந்த தமிழுக்கு வந்தார்.

"ஹெல்மெட் எல்லி, எங்கேன்னு கேட்டேன் சார். சர்ச்சுல காணிக்கை போட்டுட்டேன்றாரு. இஷ்டு வருஷ சர்வீஸ்ல இந்தக் காரணம் நான் கேட்டதில்ல. ஃபைன் கட்டிட்டு, போனை இங்கயே மறந்துட்டுப் போயிட்டாரு."

"அப்படியே விட்டுட்டீங்களா?"

"ஃபைன் கட்டினவரை என்ன பண்றது? என் தொப்பியைப் போட்டு அனுப்பணுமா?"

"எப்போ போனான்?"

"கால் மணி ஆச்சு."

கில்பர்ட் தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, டென்சிலுடையதை ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கவிட்டுக் கிளம்பினார். வழியெல்லாம் அது அவர் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. சந்தாபுராவில் கான்ஸ்டபிளிடம் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதைத் தாண்டி ரோட்டோரத்தில் ஒரு கும்பல். கை தானாக பிரேக்கை அழுத்தியது. இறங்கி, இரண்டு பேரை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். டெம்போவில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தார்கள். "எத்தனை கிலோ சார்?" என்று கேட்டவனிடம், "வேணாம்பா, நல்லாயிரு" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு வந்தார்.

டென்சில் வீட்டு வாசலில் வண்டி இல்லை. இந்நேரம் அவன் வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்க வேண்டும். உள்ளே குக்கர் விசில் கேட்டது. கொக்கியிலிருந்து ஹெல்மெட்டையும் பையிலிருந்து போனையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மணியை அழுத்தினார்.

லவினா கதவைத் திறந்தாள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள் போல, விரலிடுக்கில் சிவப்புப் பேனா. அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவர் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். பிறகு போனை. மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்த ஆஸ்பத்திரிண்ணா?"

"ஐயோ, இல்லம்மா. அப்படி ஒண்ணும்..." என்றவர் நிறுத்தினார். அப்படி ஒன்றும் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? "அவன் இன்னும் வரலையா?"

"உங்க கூட இல்லையா?"

மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை அதுதான் வந்தது. போனை மறந்தவன் ஹெல்மெட்டையும் மறந்தான் என்றால் யாரும் நம்புவார்கள்.

"ஹெல்மெட்டை அவன் மறக்கலம்மா. நான்தான் கூடையில போடச் சொன்னேன். மேடையில நின்னு."

"எதுக்கு?"

"எல்லாரும் சிரிக்கறதுக்கு."

லவினா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். அது புருவம்வரை இறங்கியது. வாரை இழுத்துப் போட்டாள்.

"வண்டியை எடுங்க. மெதுவாப் போங்க."

ஓசூர் ரோட்டுக்கு வந்து சந்தாபுராப் பக்கம் திரும்பியதும், "நீங்க வலது பக்கம் பார்த்துக்கிட்டே வாங்க" என்றாள். இடது பக்கத்தை அவள் பார்த்துக்கொண்டாள்.